கிணற்றில் விழும் கோழி

அம்மா துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் விளையாடியே கணக்குப் படிக்க வீடியோ கேம் வடிவமைப்பது அவள் வேலை. புது கேமில் இரண்டு விடைகளில் தப்பானதைத் தொட்டால் ஒரு கோழி கிணற்றில் விழும். அதைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே, சோதனைக்குக் கொடுத்த மகளின் வகுப்பில் பிள்ளைகள் பத்துக் கணக்கையும் தப்பாகவே போட்டார்கள். சரியான விடை தெரியாமல் பத்தையும் தப்பாகப் போட முடியுமா என்று மேலாளரிடம் வாதாடிப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் பூஜ்யம்னா எந்தப் பள்ளிக்கூடம் வாங்கும்? உங்க கோழி நம்ம பொழப்புக்கே உலை வெச்சிடும்," என்றார் அவர்.

இன்று மதியம் கோழியை அவளே நீக்கினாள். வருத்தம்கூட வரவில்லை. பசித்தது, சாப்பிட்டாள்.

மகள் டேப்லெட்டை நீட்டினாள். "கோழி எங்கம்மா?"

"எடுத்தாச்சுடி."

"எங்களுக்குன்னுதானே செஞ்ச? எங்கள ஒரு வார்த்தை கேட்டியா?"

அம்மா அடுத்த துணியை எடுத்து மடித்தாள். மகள் அறையை விட்டுப் போனாள்.