மாலைக்குப் பின்னே இருந்த கிரில்

‘1979, தை. மாப்பிள்ளை அழைப்பு’ என்று அப்பா பின்புறம் எழுதிவைத்த படம், பீரோவின் துருப்பிடித்த பூட்டுக்கு நேற்று மண்ணெண்ணெய் விட்டுத் திறந்தபோது கிடைத்தது. அந்த வாடை, செங்கம் சாலையில் இப்போது விடுதி நிற்கும் இடத்தில் இருந்த மெக்கானிக் காதர் பாயின் தகரக் கொட்டகையுடையது; அங்கே எந்நேரமும் ஒரு டப்பாவில் திருகுகள் மண்ணெண்ணெயில் ஊறும், வெயில் ஏற ஏறத் தகரம் டக்டக்கென்று விரியும், கீழ்பென்னாத்தூர்க் களங்களில் பறந்த வேர்க்கடலைத் தொலி அப்பாவின் டாக்சி ரேடியேட்டரை அடைக்கும்போதெல்லாம் பாய் பல்வரிசை போலக் கம்பிகள் கொண்ட முன்கிரிலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டுப் பிரஷால் சுரண்டுவார்.

படம் எடுத்த அன்றும் கிரில் சுவரோரம் இருந்தபோது, டாக்சியை அமர்த்தியிருந்த மாப்பிள்ளையின் மாமா மாலையோடு வந்துவிட்டார்.

“என்னப்பா, பல்லு போன வண்டியா இருக்கு? மாலையை எங்க கட்றது? ஊரே சிரிக்கும். வேற வண்டி பாத்துக்கறோம்.”

“சவாரி போயிடும் போலிருக்கே, பாய்” என்றார் அப்பா.

பாய் நிமிராமலே, “மாப்பிள்ளைக்குப் பல்லெல்லாம் சரியா இருக்கானு பாத்துட்டீங்களா?” என்று மாமாவைக் கேட்டார். மாமா சிரித்து முடிப்பதற்குள் இருவருமாகக் கிரிலைத் தூக்கி மாட்டித் திருகுகளை முடுக்கிவிட்டார்கள். அதன்மேல் மாலை ஏறியது, வண்டி புறப்பட்டது.

இரவு மாலையை அவிழ்த்தபோது கிரில் தலைகீழாக இருந்ததாக அம்மா கடைசிவரை சொன்னாள். அப்பா ஒருநாளும் ஒப்புக்கொள்ளவில்லை. படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மாலை அடர்த்தியாக இருக்கிறது, ஒரு கம்பிகூடத் தெரியவில்லை. இதை இன்னும் சரிபார்க்க முடியவில்லை.