ஓட்டுப் போட்ட பாப்பா

மைசூரில் அக்கா குடியிருக்கும் அடுக்குமாடியில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். நீச்சல்குளத்துக்கு எவ்வளவு குளோரின், நாய்க்கு எந்த மாதம் ஊசி, எல்லாம். நாய்க்குத் தவறாமல் போட்டுவிடுவார்கள். குழந்தை என்றால்தான் கொஞ்சம் ஆராய்ச்சி செய்வார்கள்.

அந்த ஆராய்ச்சியாளர்களில் தலையானவர் அக்காவின் கணவர். ஊர் வழக்கப்படி கன்னடத்தில் 'பாவா' என்றுதான் கூப்பிடுவேன். மென்பொருள் வேலை. காலை நடையின்போது காதில் ஒரு வீடியோ ஓடும்: உடம்புக்குத் தானாகவே எல்லாம் தெரியும், தடுப்பூசி அதைச் சோம்பேறியாக்கிவிடும். பாப்பா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் போட்டதோடு சரி. அப்புறம் சளி, பல் முளைக்கிறது, அமாவாசை என்று தள்ளிக்கொண்டே போனார். அக்கா கேட்டால் "அடுத்த வாரம்."

இத்தனைக்கும் அவருடைய மாமனார், அதாவது எங்கள் அப்பா, இடது காலில் இரும்புக் காலிப்பர் மாட்டித்தான் நடக்கிறார். கொள்ளேகால் பக்கம் ஊரில் இருந்தபோது, நடை பழகிய வயதில் வந்த போலியோ.

நான் மைக்ரோபயாலஜி படிக்கிறேன். போலியோ ஞாயிறுக்கு அந்த அடுக்குமாடி வாசலில் உட்கார ஆள் கேட்டதும் முதலில் கை தூக்கியது நான்தான். எதற்கும் முதலில் கை தூக்குவது என் வியாதி, அதற்கு இன்னும் சொட்டு மருந்து வரவில்லை. ஒரு மேசை, ஐஸ் பெட்டி, நர்ஸ் ஒருவர், மார்க்கர் பேனா. சொட்டு போட்ட குழந்தையின் இடது சுண்டுவிரல் நகத்தில் மை வைப்போம். மறுநாள் வீடு வீடாகப் போகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். பேத்தியைப் பார்க்க வந்த அப்பா என் பக்கத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

எதிரே கட்டடம் கட்டும் தமிழ்க் குடும்பங்கள் காலையிலேயே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து சொட்டு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மாடிவாசிகள் ஒவ்வொருவராக இறங்கி, மேசையை நம்பாமல் பார்த்து, சானிடைசர் கேட்டார்கள்.

லிஃப்ட் திறந்தது. பாப்பாவும் பாவாவும். நஞ்சன்கூடு கோவிலுக்குக் கிளம்பியிருந்தார்கள்.

"பாவா, ட்ராப்ஸ்?"

"ஆயிடுச்சும்மா, பாரு." பாப்பாவின் கையைத் தூக்கிக் காட்டினார்.

ஆள்காட்டி விரல். நகத்திலிருந்து தோல் வரைக்கும் நேராக இழுத்த கோடு.

"எந்த வார்டுல ஓட்டுப் போட்டா பாவா?"

"இன்னும் வயசு ஆகலையே ஸார்" என்று நர்ஸ் கன்னடத்தில் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஆபீஸ் ஒயிட்போர்டு மார்க்கரில் போட்டிருக்கிறார் மனுஷர். ஊரை ஏமாற்றுவதற்கும் கொஞ்சம் ஆராய்ச்சி செய்திருக்கலாம்.

"இந்தியாவுல இப்ப போலியோவே இல்லம்மா. சும்னே, சும்மாவே பயமுறுத்தறாங்க."

"தானா ஓடிப்போச்சா? சொட்டு போட்டுத்தான் போச்சு. இன்னும் இருக்கிற நாட்டுலேர்ந்து ஒருத்தர் ஃப்ளைட் ஏறினா போதும்."

அவ்வளவுதான், எனக்கு மடை திறந்துவிட்டது. கிருமி வாய்வழியாகப் போய்க் குடலில் பெருகும். பலருக்கு ஒன்றும் தெரியாது, சிலருக்குக் காய்ச்சலோடு போகும். வெகு சிலருக்குத் தண்டுவடம் வரை ஏறி, தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்களைக் கொன்றுவிடும். கிள்ளினால் வலிக்கும், ஆனால் கால் அசையாது. அசையாத தசை சூம்பிப்போகும். செத்த அணுவை எழுப்ப மருந்து கிடையாது. சொட்டில் இருப்பது பலவீனமாக்கிய அதே கிருமி. அது குடலுக்குக் காவல் கற்றுக்கொடுக்கும், அடுத்தவருக்குப் பரவுவதையும் தடுக்கும். ஊசி ரத்தத்தில் காவல் வைத்து, கிருமியை நரம்புக்குப் போகவிடாது. இரண்டும் வேண்டும்.

"இதோ பாருங்க" என்று அப்பாவின் பேண்ட்டை முழங்கால் வரை தூக்கப் போனேன். அப்பா கையைத் தட்டிவிட்டார்.

"ஏம் புள்ள, எங்காலு என்ன உன் காலேஜு சார்ட்டா?"

நான் அடங்கினேன். பாவாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. "நான் வேண்டாம்னு சொல்லல மாமா. நேச்சுரலா வந்தா பாடி பழகிக்கும்னுதான்..."

"எனக்கும் நேச்சுரலாத்தானுங்க மாப்ள வந்துச்சு" என்றார் அப்பா. "நல்லாவே பழகிருச்சு."

அதற்குமேல் பாவாவிடம் வீடியோ இல்லை. தேங்காய்ப் பையோடு பின்னால் வந்து நின்ற அக்கா, பாப்பாவின் விரலைப் பிடித்துப் பார்த்தாள்.

"எப்ப போட்டீங்க?"

"காலைலதான், நீ குளிக்கறப்ப..."

"மைய கேக்கல. மருந்து."

அக்கா பையை அவர் கையில் திணித்தாள், பாப்பாவை மடியில் படுக்கவைத்தாள், கன்னத்தை அழுத்தினாள். இரண்டு சொட்டு. பாப்பா துப்பியது. நர்ஸ் மறுபடி போட்டார். விழுங்கிவிட்டு வீறிட்டது.

"வியாழக்கிழமை ஊசிக்கும் போறோம்" என்றாள் அக்கா. "மீட்டிங் இருந்தா நீங்க வர வேணாம்."

பாவா செல்போனை எடுத்தார். சண்டைக்கு யாரையோ அழைக்கிறார் என்று நினைத்தேன். அழுகிற பாப்பாவைப் படம் பிடித்து, 'பொறுப்புள்ள பெற்றோராக இருப்போம்' என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கைதட்டல்கள் குவிந்தன. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் திறந்து, காலையிலிருந்து எட்டிப் பார்க்காத இரண்டு வீட்டார் குழந்தைகளோடு இறங்கி வந்தார்கள். வாயை மூடிக்கொண்டு மார்க்கரின் மூடியைத் திறந்தேன்.