என்ன படிக்கிறே?

இன்று மாமல்லபுரத்தில் எங்கள் தெருவில் குடும்ப ஓவிய விழா. முகத்தில் புலி வரைந்துகொள்ளத் தங்கை வரிசையில் நின்றாள். நான் கதைப் புத்தக மேசையருகே ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

மேசைக்குப் பொறுப்பாக இருந்த அக்கா கேட்டார். “இன்னா படிக்கிற?”

நான் எப்போதும் பயப்படும் கேள்வி.

“படிக்கலக்கா. ஒம்பதாவதோட நின்னுட்டேன்.”

“அய்ய, அத்த யாரு கேட்டா? கையில கீற புக்கு இன்னான்னு கேட்டேன்.”

“நரிக் கதை.”

“அப்ப சத்தமா படி. பசங்க குந்திகினு கீறாங்க பாரு.”

முதல் பக்கத்தில் இரண்டு இடத்தில் திக்கினேன். ஆனாலும் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன். புலி முகத்தோடு வந்த தங்கை என்னைக் காட்டி, “எங்க அக்கா, எங்க அக்கா” என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஒரு குட்டிப் பெண் மட்டும், “நரி ஊளையே வுடல” என்று குறைபட்டுக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறார்கள். வெட்கப்படாமல் ஊளையிடுவது எப்படி என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்.