சீக்கிரம் திரும்பி வந்த டீச்சர்

ஐந்தாம் ஆண்டில் எங்கள் வகுப்பறையின் பின்பக்கம் ஆறு மேசைகளை ஒட்டிப்போட்டு அவற்றின்மேல் அட்டைப் பெட்டிகளால் ஒரு சின்னப் பினாங்குத் தீவு கட்டினோம். கட்டி முடிக்க ஒரு தவணை முழுவதும் ஆனது. அந்தத் தவணையில் எங்களுக்கு இரண்டு டீச்சர்கள் இருந்தார்கள். ஒருவர்மேல் நான் உயிரையே வைத்திருந்தேன். இன்னொருவரை என்னால் முடிந்தவரை வருத்தினேன். இத்தனை வருடங்கள் கழித்து என் மனம் தேடிக்கொண்டிருப்பது அந்த இன்னொருவரைத்தான்.

வேலையைத் தொடங்கி வைத்தவர் எங்கள் வகுப்பாசிரியை. எதையும் அளந்து செய்கிறவர். கொம்தார் கோபுரம் எத்தனை சென்டிமீட்டர், அதன் பக்கத்துக் கடைவீடு எத்தனை சென்டிமீட்டர் என்று கணக்குப் பாடத்தையும் அட்டைப் பெட்டிக்குள் நுழைத்துவிடுவார். அப்போது அவருக்கு வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது. மேசைகளுக்கு நடுவே பக்கவாட்டாக நடந்து வருவார். யாரும் சொல்லாமலே நாங்கள் மேசைகளை விலக்கிப் போட்டுக்கொண்டோம்.

அவர் விடுப்பில் போவதற்கு முன் ஒரு மணிலா அட்டையில் ஆளுக்கொரு பெயர் எழுதிச் சுவரில் குத்திவைத்தோம். பிறக்கப்போகும் பாப்பாவுக்கு. பையன்களில் பாதிப்பேர் பந்து விளையாடுகிறவர்களின் பெயர்களை எழுதினார்கள். நான் என் பெயரையே எழுதினேன். டீச்சர் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். “இது இங்கயே இருக்கட்டும். திரும்பி வந்து எடுத்துக்கிறேன்” என்றார்.

அவருக்குப் பதிலாக வந்த தற்காலிக டீச்சர் மிகவும் இளையவர். அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து தினமும் கடலைக் கடந்து ஃபெரியில் வருவார். அளப்பதற்கு அடிக்கோலைத் தொடவே மாட்டார். ஒருநாள் காலையில் ஃபெரிக்குப் பக்கத்தில் டால்பின் பார்த்ததாகச் சொன்னார். மறுநாளே பையன்கள் ஃபெரியைவிடப் பெரிய டால்பின்களைச் செய்து கொண்டுவந்தார்கள். அவற்றையும் வைக்கச் சொன்னார். கடலுக்கு நீல வர்ணம் பூசுவதை மட்டும் கடைசிக்கு ஒதுக்கினார். “அத எல்லாரும் ஒண்ணா சேர்ந்து பண்ணுவோம் லா” என்றார். அந்த நாளுக்காக நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். விடுமுறை நாட்கள்கூடப் பிடிக்காமல் போயின.

ஒரு வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்தார். “திங்கக்கெழம உங்க டீச்சர் வந்துருவாங்க. யாரும் தேவையில்லாதத பேசக் கூடாது. புரியுதா?” என்றார். புரிகிறது என்று ஒரே குரலில் சொன்னோம். தேவையில்லாததைப் பேசக் கூடாது என்று அவர் காலைச் சபைகூடலில் வாரம் தவறாமல் சொல்வதுதான். அதில் புதிதாக எதுவும் இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தற்காலிக டீச்சர் அழுதார். எங்களைப் பிரிவதால் அழுகிறார் என்று நானும் அழுதேன். “டீச்சர நல்லா பாத்துக்குங்க” என்று அவர் சொன்னது எனக்கு விசித்திரமாக இருந்தது. டீச்சர்தானே எங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும்?

திங்கட்கிழமை நான் வகுப்புக்குள் நுழைந்தபோது சுவரில் மணிலா அட்டை இல்லை. நான்கு ஊசிகள் மட்டும் இருந்தன. டீச்சர் பழைய தொளதொள உடையிலேயே வந்திருந்தார். குரல் இறங்கிப்போயிருந்தது. பின்பக்கம் போய் டால்பின்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அளவு தவறு, எடுங்கள் என்பார், சண்டை தொடங்கலாம் என்று நான் காத்திருந்தேன். அவர் அவற்றை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி வந்தார். அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது.

ஓய்வு நேரத்தில் நானும் என் பக்கத்து மேசைத் தோழியும் எல்லாரிடமும் பேசி முடித்தோம். பினாங்கு கட்டும் செய்பணி நேரத்தில் ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. அப்படியே நடந்தது. டீச்சர் இரண்டு முறை கூப்பிட்டார். யாரும் அசையவில்லை. பிறகு அவரே ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய் உட்கார்ந்து, காகிதத்தில் சின்னச் சின்ன மனிதர்களை வெட்டத் தொடங்கினார். தெருக்களில் நிற்கவைப்பதற்கு. அவர் தனியாக வெட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கப் பார்க்க, இவர் போய்விட்டால் தற்காலிக டீச்சர் திரும்பி வந்துவிடுவார் என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு. எழுந்து நின்றேன்.

“டீச்சர், ஏன் இவ்வளோ சீக்கிரமா வந்துட்டீங்க? வீட்ல பாப்பாவ யாரு பாத்துக்குவா?”

கத்தரிக்கோல் நின்றது. டீச்சர் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த காகித மனிதனைப் பார்த்தபடியே சொன்னார்.

“வீட்ல வேலை ஒண்ணும் இல்லம்மா. அதான் வந்துட்டேன்.”

அவர் பொய் சொல்கிறார் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. எங்கள் பிளாட்டில் குழந்தை பிறந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே எந்த நேரமும் துணி, பால், அழுகை. வேலை இல்லாமல் எப்படி இருக்கும்? அன்று மாலை அம்மாவிடம் இதை ஒரு வேடிக்கையாகவே சொன்னேன். அம்மா தொழிற்சாலையிலிருந்து வந்து சட்டியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பை அணைத்துவிட்டார்.

“எல்லாரும் இருக்கும்போதா கேட்ட?”

ஆமாம் என்றேன். அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. சட்டியில் மீன் பாதி வெந்தபடி கிடக்க, அம்மா என் பக்கம் திரும்பினார். “இனிமே டீச்சர்கிட்ட எதுவும் கேக்காத. அவங்க சொல்றத செய். அவங்களுக்கு ஒத்தாசையா இரு” என்றார்.

மறுநாள் அம்மா தொழிற்சாலை பஸ்ஸைப் போகவிட்டு, என்னோடு பள்ளிக்கு நடந்து வந்தார். நுழைவாயிலுக்குப் பக்கத்தில் டீச்சரிடம் ஏதோ சொல்லி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடவே இல்லை. என்னைப் பற்றித்தான் புகார் போகிறது என்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் டீச்சர் என்னைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் என்னை அழைத்து, காகித மனிதர்களை ஒட்டும் வேலையைக் கொடுத்தார். பயத்தில் மிக ஒழுங்காக ஒட்டினேன். நான் எழுந்ததும் மற்றவர்களும் எழுந்து வந்தார்கள்.

பாப்பா உயிரில்லாமல் பிறந்தது என்பது எனக்குப் பதினாறு வயதில், படிவம் நான்கில்தான் தெரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் அம்மா வேறு யாரைப் பற்றியோ பேசும்போது, “ஒன்னோட டீச்சருக்கு ஆன மாதிரியே” என்றார். அதற்குள் டீச்சர் கெப்பாலா பத்தாஸ் பக்கம் மாற்றலாகிப் போய் நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. வேலைக்குச் சேர்ந்த பிறகு அலுவலக விஷயமாக இரண்டு மூன்று முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். பள்ளிக்கூடம் விடும் நேரமாக இருந்தால் காரை ஓரம் நிறுத்திவிட்டு, வெளியே வரும் பெண்களின் முகங்களைப் பார்ப்பேன். கண்டால் என்ன சொல்வேன் என்று தெரியாது. ஆனாலும் பார்ப்பேன்.

ஆனால் ஐந்தாம் ஆண்டில் எனக்குத் தெரிந்ததெல்லாம் டீச்சருக்கு ஒத்தாசையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே. கடலுக்கு வர்ணம் பூசிய நாளில் டீச்சர் தூரிகைகளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். எல்லாரும் ஒன்றாகவே பூசினோம். நீலம் எங்கள் முழங்கைவரை ஏறியது.

பெற்றோர்கள் வந்து பார்க்கும் நாளன்று எங்கள் பினாங்கைச் சுற்றி ஒரே கூட்டம். அம்மாவும் வந்தார். சித்தியும் பட்டர்வொர்த்திலிருந்து, மூன்று மாதக் கைக்குழந்தையான தம்பியைத் தூக்கிக்கொண்டு நேராகப் பள்ளிக்கே வந்துவிட்டார். சித்தி வருவார் என்று அம்மா எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. சித்தியின் முழங்கையைப் பிடித்து மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்த்தினார். அதற்குள் டீச்சரே வந்துவிட்டார்.

“நான் கொஞ்சம் தூக்கலாமா?”

சித்திக்கு எதுவும் தெரியாது. சிரித்துக்கொண்டே கொடுத்தார். டீச்சர் தம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேசைகளைச் சுற்றி மெதுவாக நடந்தார். கொம்தாரைக் காட்டினார், ஃபெரியைக் காட்டினார். அவன் காதருகே ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு சுற்று முடிந்தது. இன்னொரு சுற்று போனார். வேறு பெற்றோர்கள் அவரிடம் பேசக் காத்திருந்தார்கள். அவர் யாரையும் கவனிக்கவில்லை. தம்பி சிணுங்க ஆரம்பித்தான். டீச்சர் அவனைத் தட்டிக்கொடுத்தபடி மூன்றாவது சுற்றைத் தொடங்கினார்.

பாவம், டீச்சருக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியவில்லை என்று எனக்குப் பட்டது. அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

“குடுங்க டீச்சர். ஒங்களுக்குக் கை வலிக்கும். நான் வாங்கிக்கிறேன்.”

டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு உடனே கொடுத்துவிட்டார். தம்பியை இரண்டு கைகளாலும் பத்திரமாக ஏந்தி வந்து சித்தியிடம் சேர்த்தேன். அந்தத் தவணையில் டீச்சருக்காக நானாகவே செய்த முதல் உதவி அது. பெருமையாக இருந்தது. அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன். அம்மா திரும்பச் சிரிக்கவில்லை. நான் சரியாகத்தானே செய்தேன் என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.