வெள்ளை சாக்ஸ்தான் வேண்டும்

என் அண்ணியைப் பிடிவாதக்காரி என்று சொன்னால் பிடிவாதமே கோபித்துக்கொள்ளும். இருபத்தாறு வருடமாக ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில், படுக்கை விரிப்புகளைக் கறை பார்த்துப் பிரிக்கிற வேலை. சர்க்கரை வந்து பதினாலு வருடம். இரண்டு பாதத்திலும் உணர்ச்சி மழுங்கிவிட்டது. வெந்நீர் சுடுகிறதா என்று முழங்கையை விட்டுத்தான் பார்ப்பாள். அப்படிப்பட்டவள், கொளுத்துகிற வெயிலில் ஒன்பது நாள் நடந்தே கோயிலுக்குப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

போன வருடம் என் அண்ணனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தபோது வராந்தாவில் நின்று வேண்டிக்கொண்டாளாம். அண்ணன் பிழைத்து வந்து மூன்று வேளையும் வக்கணையாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். வேண்டுதல்தான் பாக்கி. "பஸ்ல போயிட்டு வாங்களேன், சாமி என்ன டிக்கெட்டையா கேக்கப் போகுது?" என்றேன். அண்ணி காதில் வாங்கவில்லை.

தடுத்து நிறுத்துவார் என்று நம்பி நான்தான் அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சின்னக் காயம் பட்டாலும் இவங்களுக்குத் தெரியாது. தெரியாம நடந்துக்கிட்டே இருந்தா சீழ் வச்சு, விரலையே எடுக்க வேண்டி வரும்" என்றார். அதோடு விட்டாரா? அண்ணியின் முகத்தைப் பார்த்து இளகிப்போய் ஒரு வழியும் சொன்னார். கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அதே ஷூ, அதே பையோடு பத்து கிலோமீட்டர் நடக்க வேண்டும். காலில் ஒரு கீறல்கூட இல்லையென்றால் போகலாம். இருந்தால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. அண்ணி சரி என்றாள். அவள் சொன்ன சொல் மாறுகிறவள் இல்லை.

அன்றிலிருந்து விரலை எடுக்க வேண்டி வரும் என்ற சொல் தையல் மிஷினில் உட்கார்ந்தாலும் கூடவே உட்கார்ந்தது. கடைத்தெருவில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை. என்னால் ஆனது என்று இரண்டு புதுச் சட்டை தைத்துக் கொடுத்தேன். அண்ணி தடவிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள்.

"புதுத்துணி உடம்பை அறுக்கும், ஊசி. நூறு தடவ தண்ணியப் பார்த்த துணிதான் வேர்வைக்கு அடங்கும்."

ஊசி என்பது நான். தொழிலால் வந்த பெயரா, வாயால் வந்த பெயரா என்று வீட்டில் யாரும் விளக்கியதில்லை. அண்ணனுடைய பழைய முழுக்கைச் சட்டைகள் இரண்டை எடுத்து, கழுத்தை அரிக்கும் என்று லேபிளை வெட்டினாள். ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். மூன்றாவது சுமை என்றாள். வெயிலில் கால் வீங்கும் என்று ஷூவை ஒரு அளவு பெரிதாக வாங்கினாள். எல்லாம் தெரிந்தவள்தான். எனக்குத்தான் ராத்தூக்கம் போயிற்று.

சண்டை சாக்ஸில் வந்தது. நான் காப்பிக் கலரில் ஆறு ஜோடி வாங்கி வந்திருந்தேன்.

"வெள்ளைதான் வேணும்."

"ரோட்டுப் புழுதியில வெள்ளையா? ஒரே நாள்ல கரித்துணி ஆயிடும். இதுன்னா எதுவும் தெரியாது அண்ணி."

"தெரியணும்னுதாண்டி கேக்கறேன். என் காலு என்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல. துணியாவது சொல்லட்டும்."

மறுநாளே போய் மாற்றிக்கொண்டு வந்தேன்.

அப்படியும் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை அவள் வேலைக்குப் போயிருந்தபோது, பழைய பூத்துவாலையை ஷூ அளவுக்கு வெட்டி, இரண்டு அடுக்காக உள்ளே போட்டேன். வெட்டின ஓரம் நூல் நூலாகப் பிரிந்துகொண்டு நின்றது. பிரிந்த ஓரத்தைக் கண்டால் எந்தத் தையற்காரிக்குக் கை சும்மா இருக்கும்? வெளியே எடுத்து, சுற்றிலும் மடித்து நெருக்கமாக ஒரு தையல் போட்டேன். பார்க்க நேர்த்தியாக இருந்தது.

ஞாயிறு காலை, வழக்கம்போல ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"மெத்துனு இருக்கே. நீயா வச்சே?"

"ஆமா அண்ணி."

எடுத்து எறிவாள் என்று நினைத்தேன். "சரி, ஆசையா வச்சிருக்கே" என்று அப்படியே மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

பதினொரு மணிக்குத் திரும்பினாள். அதற்குள் நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்ததே பத்து கிலோமீட்டர் இருக்கும். முகம் சிவந்து, சட்டை நனைந்து, வாயெல்லாம் சிரிப்பு. "பார்த்தியா, நடந்துட்டேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டினாள். அண்ணன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

நான் கீழே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். இடது கால் பளிச்சென்று இருந்தது. வலது சாக்ஸில், கட்டைவிரலுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவுக்குச் சிவப்பு. ஷூவுக்குள் கை விட்டேன். துவாலை முன்பக்கம் நழுவி மடிந்திருந்தது. என் தையல் அங்கே கயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டு நின்றது. வேறு யாராக இருந்தாலும் பத்தடியில் கழற்றி உதறியிருப்பார்கள்.

"என்ன இருக்கு?" என்றாள் அண்ணி. குனிந்தாலும் தன் உள்ளங்கால் அவளுக்குத் தெரியாது.

ஒன்றுமில்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இவள் போகக் கூடாது என்று ஒரு மாதமாக நினைத்தவள் நான்தான். அது நடந்துவிட்டது, அதுவும் என் கையாலேயே. அந்த நிமிஷம் எனக்கு என்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

"ரத்தம் அண்ணி. என் தையல்தான் அறுத்திருக்கு. நான்தான் கெடுத்துட்டேன்."

சாக்ஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வேலையில் விரிப்புகளைப் பார்க்கிற அதே பார்வை. திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"வலிக்கவே இல்லையேடி" என்றாள். ஆபரேஷன் வராந்தாவில்கூட அழாதவள், அப்போது அழுதாள். "அடுத்த வருஷம் இன்னும் மேல வரைக்கும் மரத்துப்போகும். அதான், கொஞ்சமாவது உணர்ச்சி இருக்கறப்பவே நடந்துடணும்னு பார்த்தேன்."

அண்ணன் பஞ்சும் மருந்தும் எடுத்துவந்து கட்டுப் போட்டான். பிறகு அண்ணி பையை என் பக்கம் தள்ளினாள்.

"நீ போ."

"நானா? நான் சாமியக் கும்பிட்டே எத்தனை வருஷமாச்சு. நான் நடந்தா அது உங்க வேண்டுதல் ஆகுமா?"

"ஆகுதோ ஆகலையோ. உனக்குக் கால் வலிக்கும்ல. எங்கெங்க வலிச்சதுன்னு ஒண்ணு விடாம எனக்குச் சொல்லு."

நான்காம் நாள் மத்தியானம், சாலையோர மரத்தடியில் கால் நீட்டி உட்கார்ந்து போன் செய்தேன். அவள் காயம் ஆறி வருகிறது என்று அண்ணன் சொல்லிவிட்டு அவளிடம் கொடுத்தான். எனக்கு ஒரே எரிச்சல்.

"குதிகால்ல ரெண்டு கொப்புளம். சுண்டுவிரல் நகம் எரியுது. கெண்டைக்கால் இழுக்குது. பாதம் பூரா நெருப்புல வச்ச மாதிரி இருக்கு. போதுமா?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன்.

"குதிகால்னா," என்றாள் அண்ணி, "வலதா, இடதா?"