பிடுங்கிய கை நட்ட கோரை

கோரை என்றால் எங்கள் கைகளுக்கு ஒரே வேலைதான் தெரியும், பிடுங்குவது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கழனிகளில் இருபது வருடமாகக் களை எடுக்கிறவள் நான். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஆனால் யார் கழனியில் எந்த மூலையில் எந்தக் களை முளைக்கும் என்று கேளுங்கள், நிலத்துக்காரருக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

எங்கள் ஏரியின் மேல்கோடியில், வரத்துக்கால்வாய் வந்து விழும் இடத்தில், ஒரு சேற்றுப் பள்ளம் இருந்தது. கோடையிலும் காயாது. ஆள் உயரத்துக்குப் பாய்க்கோரை மண்டிக் கிடக்கும். ஏரியைத் தூர்வார வந்த பொக்லைன் மூன்றே நாளில் அதை வழித்துத் துடைத்துவிட்டது. ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. நானும் கை தட்டினேன். களை ஒழிந்தது என்று சந்தோஷப்பட்ட முதல் முட்டாள் நான்தான்.

அடுத்த மழைக்கே வண்டவாளம் தெரிந்துவிட்டது. கால்வாயில் வந்த செம்மண் குழம்பைத் தடுக்க ஒன்றுமில்லை. நேராக ஏரிக்குள் இறங்கி மதகை அடைத்துக்கொண்டது. மதகுக்குக் கீழே இருக்கும் முதல் கழனிக்குத் தண்ணீரோடு சேறும் சேர்ந்து போனது. கோரைக்குள் முட்டை வைக்கிற நீர்க்கோழிகளைக் காணவில்லை. கூடை கொண்டுபோனால் குழம்புக்காவது கிடைக்கும் குரவை மீனும் இல்லை. இரண்டு வருடம் இப்படியே போனது.

அப்புறம்தான் ஈரநிலத்தைக் காப்பாற்றும் வேலை என்று ஒரு பெண் அதிகாரி வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். நூறு நாள் வேலையில் நான் மேட். பதினெட்டுப் பெண்களுக்குப் பொறுப்பு. பக்கத்து ஊர் ஏரியிலிருந்து பாய்க்கோரை கொண்டுவந்து பள்ளத்தில் திரும்ப நட வேண்டும் என்றார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எங்களில் மூத்த அக்காவுக்கு மட்டும் கோபம் வந்துவிட்டது.

"இத்தினி வருசமா புடுங்கிப் புடுங்கி கை காச்சிப் போச்சி. இப்ப இன்னாடான்னா அதையே நடச் சொல்றாங்க!"

நட்டோம். ஆவணி வெயிலில், நாற்று முடி கட்டுவது போலக் கட்டித் தலையில் சுமந்து வந்து, முழங்கால் சேற்றில் குனிந்து, பின்னுக்கு நகர்ந்தபடியே நட்டோம். எப்படி நடுவது என்று விளக்க அதிகாரி ஒரு படம் கொண்டுவந்திருந்தார். எங்கள் கை போகும் வேகத்தைப் பார்த்துவிட்டுப் படத்தைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டார். எனக்கு அது போதுமாயிருந்தது.

நான்காம் நாள் மதகுக் கழனிக்காரர் கரைமேல் வந்து நின்றார். வயதானவர், ஊரில் சொல் செல்லுபடியாகிற ஆள். அவர் அப்பா காலத்திலிருந்து அந்தக் கழனியில் களை எடுப்பது எங்கள் தெரு ஆட்கள்தான்.

"இன்னா மேட்டம்மா, பைத்தியம் புடிச்சிக்கீதா? கோரைய நட்டுக்கினு கீறீங்க! நாளைக்கு எங் கழனி பூரா பரவிக்கினா எவன் பாக்கறது? பேஜார் புடிச்ச வேல. பொக்லைன வரச் சொல்றேன்."

எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"கழனில மொளைக்கறது கெழங்குக் கோரை, நைனா. முட்டிக்கு மேல வராது. இது பாய்க்கோரை, சேத்துப் பள்ளத்த வுட்டு நகராது. வரப்பு மேலயே நின்னா வித்தியாசம் எப்டித் தெரியும்? உங்க கழனில இது ஒண்ணே ஒண்ணு வந்தாலும் சொல்லுங்க, பொக்லைன் வாணாம், நாங்களே எல்லாத்தையும் புடுங்கிப் போட்டுட்றோம்."

பதினெட்டுப் பேரின் உழைப்பை ஒரு வாய்ப்பேச்சில் பணயம் வைத்துவிட்டேன். அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழை நன்றாகப் பெய்தது. கோரை மூழ்கியது, சாய்ந்தது, பிறகு நிமிர்ந்தது. மார்கழியில் ஒரு காலை, நீர்க்கோழி ஒன்று கறுப்புப் பஞ்சு போன்ற குஞ்சுகளை வரிசையாக அழைத்துக்கொண்டு கோரைக்குள்ளிருந்து வெளியே வந்தது. நாங்கள் நட்டதற்குள்ளிருந்து! வேலைக்குப் போகிற அவசரத்திலும் நின்று பார்த்தேன். பிள்ளை பெற்றபோது கூட எனக்கு அவ்வளவு கர்வம் வந்ததில்லை.

பொங்கல் முடிந்து நவரைப் பட்ட நெல்லுக்குக் களை எடுக்க மதகுக் கழனியில் இறங்கினோம். எதைத் தேடுகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். வாய்க்கால் தண்ணீர் விழும் மூலையில் அது நின்றது. பாய்க்கோரை, ஒரு கைப்பிடிக் கொத்து. மழையில் பெயர்ந்து, மதகு வழியாக மிதந்து வந்து ஊன்றிக்கொண்டிருக்கிறது. பள்ளத்தை விட்டு நகராது என்று நான் சவால் விட்ட அதே கோரை.

அக்கா பக்கத்தில் வந்து கிசுகிசுத்தாள். "மிதிச்சி சேத்துல அமுக்கிடு. எவனுக்குத் தெரியும்?"

களையைக் காலால் அமுக்குவது எங்களுக்குத் தினப்படி வேலை. ஒரு மிதி, முடிந்தது. ஆனால் களையைப் பற்றி நான் பொய் சொன்னால், அப்புறம் என்னிடம் வேறு என்ன இருக்கிறது? வேரோடு பிடுங்கினேன். சேறு சொட்டச் சொட்ட நடந்து, வரப்பில் நின்ற கழனிக்காரர் கையில் கொடுத்தேன்.

"வந்துட்ச்சி, நைனா. சொன்ன மாதிரி நாளைக்கு எல்லாத்தையும் புடுங்கிட்றோம்."

அவர் கொத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வாய்க்காலைப் பார்த்தார். அதில் அடிமணல் தெரியத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வருசமா சேறு வாரி வாரி இடுப்பு போச்சி," என்றார். "இந்த வருசம் மதகு ஒரு தபா கூட அடைக்கல. கவனிச்சிக்கினுதான் கீறேன்."

குனிந்து கொத்தின் வேரை வாய்க்கால் தண்ணீரில் அலசினார்.

"புடுங்கவும் வாணாம், ஒண்ணும் வாணாம். இத்த எங்க நடணும், காட்டு."

கரைமேல் ஏறி மேல்கோடிக்கு நடந்தோம். பெண்கள் களையை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள். அவர் செருப்பைக் கழற்றி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். நான் கரையில் நின்றேன். அவர் சேற்றில் நிற்க நான் மேலே நிற்பது எங்கள் இருவருக்கும் அதுதான் முதல் முறை. தடுமாறிக் குனிந்து கொத்தை ஊன்றினார். ஊன்றிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வேர் மடங்கிட்ச்சி, நைனா. புடுங்கிட்டுத் திரும்ப நடுங்க," என்றேன்.

பிடுங்கினார். திரும்ப நட்டார்.