சின்ன துரையின் நான்கு விரல்கள்

"நூலு கனம்தானே இருக்கு. இதுக்கெல்லாமா பெட்டிசன் போடுவீங்க, மாஸ்டர்?"

எங்கள் லயத்து வரிசை வீட்டின் சுவர் வெடிப்பைப் பார்த்து, போன வாரம் தேயிலைத் தோட்டத்து உதவி மேனேஜர் சின்ன துரை கேட்டது இது. அந்தச் சுவரோரம்தான் என் மகள் படுக்கிறாள்.

இன்று காலை வெடிப்பைப் படமெடுக்கப் போனேன். டிஜிட்டல் கேமராவைக் கண்டதும் அவரே வந்து நின்றார். "என்னையும் ஒண்ணு எடுங்க." ஸ்டைலாகச் சுவரைப் பிடித்துச் சாய்ந்தபோது நான்கு விரல்களும் வெடிப்புக்குள் போயின.

மதியம் பண்டாரவளை நெட் கபேயில், விரல்களுக்குச் சிவப்பு அம்பு போட்டு, 'நூல் கனம்: முக்கால் அங்குலம்' என்று எழுதி இந்த வலைப்பூவில் ஏற்றினேன்.

சற்றுமுன் போன் வந்தது. "அம்ப எடுத்துடுங்க மாஸ்டர். பெரிய துரை பாத்துட்டாரு."

"வெடிப்ப மூடுங்க சார், எடுத்துடுறேன்."

இப்போது அம்பை இன்னும் தடிப்பாக்கியிருக்கிறேன். தோட்டத்தை நடத்தும் கொழும்புக் கம்பெனி அலுவலகத்தில் இருப்பவர்களே, சிவப்பு அங்கேயும் தெரிகிறதா?